யாருக்கும் தெரியாத தெருவில் ஒரு வீடு

பெங்களூரில் அலசூர் ஏரிக்குப் பக்கத்துத் தெரு. வாசலில் தெளித்த தண்ணீர் இன்னும் காயவில்லை. வீட்டுக்காரம்மா கதவைத் திறந்துவிட்டு ஒவ்வோர் அறையாகக் காட்டிக்கொண்டு வந்தாள். கூடத்தில் பெரிய ஜன்னல். சமையலறைக்குள்ளேயே குழாய்.

நான் குழாயைத் திருகிப் பார்த்தேன். தண்ணீர் சட்டென்று கொட்டி என் காலை நனைத்தது. காவேரிப்பட்டினத்தில் கோடைக்காலத்தில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சொம்பு சொம்பாக மொண்டு குடம் நிரப்பி வளர்ந்தவள் நான். மறுபடியும் மூடினேன். மறுபடியும் திறந்தேன்.

"எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டாள் வீட்டுக்காரம்மா.

"ஓசூர் பக்கம். கெலமங்கலம்," என்று புகுந்த ஊரைச் சொன்னேன்.

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அட, நம்ம ஊருப் பக்கம்! நான் ராயக்கோட்டைம்மா. கெலமங்கலத்துல யாரு வூடு? எங்க சின்ன நாத்தனாவ அங்கதான் குடுத்திருக்குது. அவளக் கேட்டா உங்க வம்சமே சொல்லிடுவா!"

முடிந்தது, இதுதான் நம் வீடு என்று நான் மனசுக்குள் அடுப்பு வைக்கும் இடம் வரைக்கும் போய்விட்டேன். அப்போது பின்னாலிருந்து அண்ணி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

"வூட்ல கேட்டுட்டு வர்றோம்மா," என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஓடிப்போய்ப் பிடித்தேன். "என்னா அண்ணி? அந்த வூட்ல என்னா கொறை?"

"கொறை ஒண்ணுமில்ல."

"பின்னே?"

"நல்ல வூடுதான். நமக்கு வேணாம்."

ஒரு மாதத் துணை

போன வாரம் என் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். கல்யாணமான சில மாதங்களில் என் வீட்டுக்காரருக்குப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் மெஷின் வேலை கிடைத்தது. அவர் பெயரை எழுத இந்த வயதிலும் எனக்குக் கை வரவில்லை. இந்தத் தொடர் முழுக்க அவர் 'அவர்' தான்.

மாநிலங்களைப் பாஷை பார்த்துப் பிரிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்த காலம். ஓசூர் எந்தப் பக்கம் என்று பஸ்ஸில் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையே ஒரு பாஷையில் நடக்காது. ஒருவர் தமிழில் கேட்பார், இன்னொருவர் தெலுங்கில் பதில் சொல்வார், கண்டக்டர் கன்னடத்தில் இரண்டு பேரையும் உட்காரச் சொல்வார்.

என் புகுந்த வீடும் அப்படித்தான். மாமியார் மாட்டோடு தெலுங்கிலும், சந்தையில் கன்னடத்திலும், எங்களோடு தமிழிலும் பேசுவாள். தமிழ் மட்டும் தெரிந்து அந்த வீட்டுக்குள் வந்தவள் நான் ஒருத்திதான்.

பெங்களூருக்குக் குடித்தனம் போகும்போது எனக்குத் துணையாக மாமியார் அனுப்பியது நாகம்மா அண்ணியை. அவருடைய அக்கா. "ஒரு மாசம் இரு. வூடு பாத்து, அடுப்பு மூட்டிக் குடுத்துட்டு வந்துடு," என்று சொல்லி அனுப்பினாள்.

அண்ணியைப் பதினாலு வயதில் பேரிகையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு வருஷம் போவதற்குள் அந்த மனுஷன் காய்ச்சலில் போய்விட்டார். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள், வயல் வேலை, வீட்டு வேலை, சந்தை வேலை எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டாள். எங்கள் ஜனத்தில் இரண்டாம் கல்யாணம் என்ற பேச்சு அப்போது கிடையாது.

யாராவது வெளியூர் கிளம்பினால் அண்ணி தானாகவே மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் போய்விடுவாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. எதிரில் வந்து நிற்கக் கூடாது, அவ்வளவுதான். அதை ஒரு கொடுமை என்று நான் அப்போது நினைத்ததில்லை. சோறு வடிக்கிற மாதிரி, வாசல் பெருக்குகிற மாதிரி, வீட்டில் தினமும் நடக்கிற காரியம்.

நாங்கள் மூன்று பேரும் பெங்களூர் கிளம்பிய அன்றைக்கு ஒரு சிக்கல் வந்தது. கிளம்புகிறவர்களில் அண்ணியும் ஒருத்தி. அவள் யாருக்கு எதிரில் வராமல் இருப்பது? விடியும் முன்னே தன் துணி மூட்டையோடு தனியாக நடந்துபோய் பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் நல்ல நேரம் பார்த்துப் பின்னால் போனோம்.

பெரியம்மாவின் தெரு

பெங்களூரில் இறங்கியதும் தங்கியது ஸ்ரீராம்புரத்தில், என் பெரியம்மா வீட்டில். பெரியப்பாவுக்கு மில்லில் வேலை. அந்தத் தெருவில் நடந்தால் பெங்களூர் என்றே தோன்றாது. சேலத்துப் பேச்சு ஒரு வாசலில், தருமபுரிப் பேச்சு அடுத்த வாசலில். மாரியம்மன் கோயில்கூட நம் ஊர் சாயலில் இருந்தது.

பெரியம்மாவின் பக்கத்து வீடு காலியாக இருந்தது. எங்களுக்காகவே சொல்லி வைத்திருந்தாள். சுவரைத் தட்டினால் பெரியம்மாவுக்குக் கேட்கும். எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

"இதையே எடுத்துக்கலாங்க," என்றேன் அவரிடம்.

"எனக்கு எதுன்னாலும் சரி. கம்பெனி வண்டி மார்க்கெட்லருந்து கெளம்பி அலசூர் வழியாப் போவுது. இங்கருந்துன்னாலும் மார்க்கெட்டுக்கு சைக்கிள்ல போயிடுவேன்," என்றார் அவர். பிறகு அண்ணியைப் பார்த்தார். "நீ என்னாக்கா சொல்ற?"

"வந்தது வந்தோம். நாலு வூடு பாத்துட்டு முடிவு பண்ணலாம்," என்றாள் அண்ணி.

அவர் வேலைக்குப் போகவேண்டும். ஆகவே வீடு பார்க்கிற பொறுப்பு எங்கள் இரண்டு பெண்கள் தலையில் விழுந்தது. அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. ஒரு ஊரை ஆண் துணை இல்லாமல் நடந்து பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

முதல் நாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பும்போது பெரியம்மா சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "நாகு, மாப்ள கெளம்பறாரு. கொஞ்சம் உள்ளாறயே இரும்மா," என்றாள். குரலில் அத்தனை பிரியம். அண்ணி ஏற்கெனவே உள்ளேதான் இருந்தாள். தம்பி தெரு முனை திரும்பிய பிறகுதான் வெளியே வந்தாள். அன்றைக்குப் பார்த்ததுதான் அந்த அலசூர் வீடு.

சாந்துப் பொட்டு

இரண்டாம் நாள் காலையில்தான் அதைக் கவனித்தேன்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது அண்ணியின் நெற்றி எப்போதும்போல் வெறுமையாக இருந்தது. தெரு முனையில் குழாயடி. "காலு கழுவிட்டு வர்றேன், நீ நட," என்றாள். பின்னால் வந்து என்னோடு சேர்ந்துகொண்டபோது நெற்றியில் சின்னதாக ஒரு சாந்துப் பொட்டு. கைகளில் கறுப்புக் கண்ணாடி வளையல். முந்தானையைக் கழுத்தை மூடிப் போர்த்தியிருந்தாள்.

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். அண்ணி ஒன்றும் நடக்காததுபோல், "மல்லேஸ்வரம் எந்தப் பக்கம்னு அந்த ஆளக் கேளு," என்றாள்.

சாயங்காலம் திரும்பும்போது அதே குழாயடி. பொட்டும் வளையலும் காணோம்.

நான் கேட்கவில்லை. கேட்க முடியாத அளவுக்கு அதிசயமாக இருந்தது. எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: எங்கேயோ ஓர் ஆள் இருக்கிறான். அப்படித்தான் நினைத்தேன். அன்றிலிருந்து வீடு பார்ப்பதைவிட அந்த ஆளைத் தேடுவதில்தான் எனக்கு அக்கறை. ஜட்கா வண்டிக்காரன் அண்ணியிடம் இரண்டு வார்த்தை கூடப் பேசினால் அவன் முகத்தை உற்றுப் பார்ப்பேன். வெற்றிலைக் கடைக்காரன், பஸ் கண்டக்டர், ஒரு தபால்காரர்கூட என் சந்தேகத்தில் விழுந்து எழுந்தார்கள்.

அண்ணியோ ஆண்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவள் பார்த்ததெல்லாம் தெருக்களைத்தான். ஒவ்வொரு தெருவிலும் கொஞ்ச நேரம் நின்று காது கொடுத்துக் கேட்பாள். பிறகு வீட்டுக்காரர்களிடம் அவள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். தண்ணீர் எப்போது வரும் என்று கேட்க மாட்டாள். கூரை ஒழுகுமா என்று கேட்க மாட்டாள்.

"இங்க குடி இருக்கறவங்கல்லாம் எந்த ஊருங்க? ஓசூர் பக்கத்து ஜனம் யாராவது இருக்குதா?"

இருக்கிறது என்றால் எனக்குச் சந்தோஷம். அவளுக்கு அந்த வீடு முடிந்துபோகும்.

மல்லேஸ்வரத்தில் ஒரு தெருவில் எங்கள் முகத்தைப் பார்த்ததுமே வீடு நேற்றே முடிந்துவிட்டது என்றார்கள். 'வீடு வாடகைக்கு' என்ற பலகை அவர்கள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணி அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பலகைக்கு இன்னும் சேதி போய்ச் சேரல போலக்குது," என்றாள் என்னிடம். கோபம் வர வேண்டிய இடத்தில் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

துரைசாணியின் பின்கட்டு

அடுத்த நாள் தண்டு என்கிற கன்டோன்மென்ட் பகுதிக்குப் போனோம். பெரிய பங்களா, முன்னால் ரோஜாத் தோட்டம். வயதான ஆங்கிலோ இந்திய அம்மாள் ஒருத்தி, பூப்போட்ட கவுன் போட்டுக்கொண்டு, மடியில் ஒரு நாய்க்குட்டியோடு உட்கார்ந்திருந்தாள். பங்களாவின் பின்கட்டில் இரண்டு அறை வாடகைக்கு இருந்தது.

அவள் பேசிய தமிழை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "உன் வூட்டுக்கார் எங்கே வேலை செய்யுது? குடிக்குமா?"

"காபி மட்டும் குடிக்கும்," என்றாள் அண்ணி, அதே தமிழில்.

துரைசாணி சத்தம் போட்டுச் சிரித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணிக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது. சுற்றிலும் நம் ஊர் வாடையே கிடையாது. பின்கட்டைத் திறந்து பார்த்தாள், ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள், முதல் தடவையாகக் குழாயையும் திருகிப் பார்த்தாள்.

"சமையல்காரன் சாவி குடுக்கும், நில்லு," என்று துரைசாணி குரல் கொடுத்தாள்.

பங்களா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓர் ஆள் வந்தான். நரைத்த மீசை. சாவியை நீட்டியவன், நீட்டிய கையை அப்படியே நிறுத்தினான்.

"நீ கெலமங்கலத்துப் பொண்ணுதானே? எங்க பேரிகையில குடுத்திருந்தாங்களே? உங் கண்ணாலத்துக்கு நான்தாம்மா சமைச்சேன்."

சொல்லிக்கொண்டே வந்தவன் பார்வை அண்ணியின் நெற்றிக்குப் போனது. அங்கேயே நின்றது. கெட்ட மனுஷன் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பார்வை போதுமாக இருந்தது.

அண்ணி சாவியை வாங்கவில்லை. கேட்டைத் தாண்டிப் போகும்வரை நிதானமாகத்தான் நடந்தாள். அப்புறம் என்னால் கூட வர முடியாத வேகத்தில் நடந்தாள்.

பூங்காவில் வேர்க்கடலை

கப்பன் பார்க்கில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். வறுத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கினேன். அவள் உடைத்துக் கொடுத்தாளே தவிரத் தின்னவில்லை.

"அண்ணி, யாராவது ஆளு இருக்குதா?" என்று கேட்டே விட்டேன்.

"என்னா ஆளு?"

"பொட்டு வெச்சுக்கறீங்களே. அதான் கேட்டேன்."

என்னைப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தாற்போல் ஒரு சத்தம் வந்தது அவளிடமிருந்து. "போடி பைத்தியம். ஆளு இல்லாத எடமாத்தாண்டி தேடிகினு இருக்கறேன்!"

பிறகு கடலைத் தோலை ஊதிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"உங்க பெரிம்மா நல்லவங்கதான். ஆனா அந்தத் தெருவுல குடி வந்தா, நான் ஊர்ல என்னாவோ அதுதான் இங்கயும். காலையில எந்தம்பி வேலைக்குப் போறப்ப ஒளியணும். பக்கத்து வூட்ல கொழந்தைக்குப் பேரு வெச்சா ஒளியணும். அதுக்குக் கெலமங்கலத்துலயே இருக்கலாமே, அங்க கொட்டாயாவது பெருசு."

"அத்தை ஒரு மாசம்னுதானே சொன்னாங்க?"

"அம்மா சொன்னது ஒரு மாசம். யாருக்கும் நம்மளத் தெரியாத தெருவா ஒண்ணு கெடைச்சா, நான் திரும்பிப் போறதா இல்ல, ஜெயா. ஒரு ஓரமா உங்ககூடவே இருந்துடுவேன். ஏதாவது வேல தேடிக்குவேன். பொட்டு பெருசில்ல எனக்கு. காலையில கதவத் தொறந்து நேரா தெருவுல எறங்கி நடக்கணும். யாரு எதுக்க வர்றாங்கன்னு பாக்காம நடக்கணும். அவ்ளோதான்."

எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் எனக்கு முதலில் வந்தது பயம். "எனக்கு அந்தப் பாஷை தெரியாதே அண்ணி. யாரோட பேசுவேன்?"

"என்னோட பேசு," என்றாள்.

அன்று சாயங்காலம் பெரியம்மா என்னைத் தனியாக மாவாட்டக் கூப்பிட்டாள். "நாளைக்கு வெள்ளிக்கெழம. பக்கத்து வூட்ல பாலு காய்ச்சிடலாம். ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. புது வூட்டுக்குள்ள மொதக் காலு நீதான் வெக்கணும். அவள முன்ன விட்டுடாத. உம் புருஷன் மெஷினுகிட்ட நிக்கறவன்."

அவர் அந்த மெஷினைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். எருமை உயரம் இருக்கும், நடுவில் ஓர் இரும்பு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும் என்று. தலையை ஆட்டினேன்.

பால்

வெள்ளிக்கிழமை காலை. "ஒரே ஒரு தெரு பாத்துட்டு வந்துடறோம்," என்று பெரியம்மாவிடம் கெஞ்சிவிட்டுக் கிளம்பினோம். சாமராஜபேட்டை, மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம்.

காபிக்கொட்டை வறுக்கிற வாசனை பிடித்துக்கொண்டு போனால் அந்த வீடு வந்தது. காபிப்பொடிக் கடைக்காரர் வீடு. பின்னால் 'வட்டாரா' ஒன்று கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரே கேட், நடுவில் சிமெண்டு முற்றம், இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். காலியான வீடு கடைசியில் இருந்தது. இரண்டே அறை. ஓட்டுக்கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். அதன் வழியாக வெயில் ஒரு தோசை அளவுக்குத் தரையில் விழுந்திருந்தது.

வீட்டுக்காரி சாரதம்மா. பருத்த உடம்பு, இடுப்பில் சாவிக்கொத்து, ஊருக்கே கேட்கிற குரல். கன்னடம்தான். அண்ணி கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னாள்.

தும்கூர்க்காரர்கள் ஒரு வீடு, மண்டியாக்காரர்கள் ஒரு வீடு, மராத்தி பேசுகிறவர்கள் ஒரு வீடு. ஓசூர் ஜனம் யாரும் இல்லை.

சாரதம்மா கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கேட்டாள்: "ஹொசூரு நம்மதா, நிம்மதா?" ஓசூர் எங்களுக்கா, உங்களுக்கா?

"ஹொசூரு ஹொசூரினவரது," என்றாள் அண்ணி. ஓசூர் ஓசூர்க்காரர்களுக்கு.

சாரதம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்புறம் அண்ணியின் தோளில் கையை வைத்துக் கடகடவென்று ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"சாயங்காலம் வேற யாரோ பாக்க வர்றாங்களாம்," என்றாள் அண்ணி. "நம்மளப் புடிச்சிருக்குதாம். இன்னைக்கு வெள்ளிக்கெழம, நாளைக்கு நாளு நல்லா இல்ல, இப்பவே பாலு காய்ச்சிட்டுப் போங்கன்னு சொல்லுது."

இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாரதம்மா பித்தளைச் சொம்பில் பாலோடு வந்தாள். ஒரு கையில் சுள்ளி, விளக்கு. வாசற்படிக்கு மஞ்சள் தடவினாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். எங்களில் மூத்தவள் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. சொம்பை அண்ணியின் கையில் வைத்து, வலது காலைக் காட்டி, படியைக் காட்டினாள். அதைப் புரிந்துகொள்ள எனக்குக் கன்னடம் தேவைப்படவில்லை.

அண்ணி நகரவில்லை. சொம்பில் பால் விளிம்பு வரைக்கும் வந்து வந்து போனது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'நான் வெக்கறேன் அண்ணி' என்று சிரித்துக்கொண்டே சொம்பை வாங்கியிருக்கலாம். சாரதம்மாவுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பெரியம்மா சொன்னது காதில் அப்படியே இருந்தது. அந்த எருமை உயர மெஷினும் கண்ணில் இருந்தது.

"போங்க அண்ணி," என்றேன். "வலது காலு."

தைரியம் என்று இதைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். என் பயம் ஒரு பக்கம் அப்படியே இருந்தது. இன்னொரு பக்கம் ஓர் ஆவல். எல்லாருக்கும் பின்னால் நடந்தே பழகிய இவள் முதலில் நடந்து போனால் எப்படி இருப்பாள் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

எப்படி இருந்தாள்? படியைத் தாண்டியதும் முதுகு நிமிர்ந்தது. நேராக அந்த வெயில் வட்டத்துக்குள் போய் நின்றாள். எந்த மூலையில் அடுப்பு வைப்பது என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். பால் பொங்கியபோது சாரதம்மாவின் வீட்டுப் பெண்கள் குலவைபோல் ஏதோ சத்தம் எழுப்பினார்கள். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொக," என்றாள்.

கட்டைவிரல்

பெரியம்மா எங்களோடு பேசுவதை விட்டாள். "சொந்தத்த உட்டுட்டு யாரோ ஜனத்துக்கு நடுவுல போயி உக்காந்திருக்கறாளுங்க," என்று தெருவெல்லாம் சொன்னாளாம்.

அண்ணிக்குப் பக்கத்துத் தெருவில் ஊதுபத்தி உருட்டும் கொட்டகையில் வேலை கிடைத்தது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும் முன்பே அவள் வாசனை வந்துவிடும். காலையில் அவரும் அவளும் ஒன்றாகவே கேட்டைத் தாண்டிப் போவார்கள். அக்காவும் தம்பியும் அப்படிப் பேசிக்கொண்டு நடந்து போனதை நான் கெலமங்கலத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை. எனக்குக் கன்னடம் மெல்ல மெல்ல வந்தது. முதலில் குழாயடிச் சண்டைக்கு வேண்டிய வார்த்தைகள் வந்தன.

"உன் வீட்டுக்காரர் எங்கே?" என்று சாரதம்மா ஒரு நாள் அண்ணியைக் கேட்டாள். "தூரத்தில்," என்றாள் அண்ணி. அப்புறம் என்னிடம், "அது பொய்யில்லல்ல?" என்று கேட்டாள்.

ஒரு மாதம் கடந்து போயிருந்தது. ஒரு மத்தியானம் அவர் கையில் பெரிய கட்டோடு வந்தார். இடது கட்டைவிரலின் நுனி போயிருந்தது.

அண்ணி வேலைக்குப் போயிருந்தாள். அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பெரியம்மா எச்சரித்தது, நான் கேட்காதது, அண்ணி முதலில் காலை வைத்தது.

"தெரியும்," என்றார் அவர். "அக்கா அன்னைக்கே சொல்லிடுச்சு. நீதான் போகச் சொன்னியாமே."

"அதனாலதானோ என்னவோங்க..."

"மெஷினுக்கு அதெல்லாம் என்னா தெரியும்? பக்கத்துல நிக்கறவன்கிட்ட சினிமாக் கதை கேட்டுகினே கைய வெச்சேன். என் தப்பு." கஞ்சியை ஒரு வாய் குடித்தார். "உனக்குப் பயமா இருக்குதா?"

"இருக்குது."

"சரி. நான் பாத்து வேல செய்யறேன். நீ பயப்படறத அக்காகிட்ட காட்டாத. அதுக்குத் தெரிஞ்சா அடுத்த பஸ்ஸுல போயிடும்."

காட்டவில்லை. ஆனால் சேதி பெரியம்மா வழியாகக் கெலமங்கலத்துக்குப் போய்விட்டது.

அத்தை வந்த நாள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்து இறங்கினாள். தலையில் கேழ்வரகு மாவு மூட்டை, கையில் ஒரு பை நிறைய அவரைக்காய். மகனின் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முற்றத்துக்கு வந்து நின்றாள்.

குழாயடியில் அண்ணி. நீல வாயில் புடவை, நெற்றியில் பொட்டு, கையில் வளையல். மண்டியாக்காரியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவள் அம்மாவைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். ஆனால் பொட்டின் மேல் கை போகவில்லை.

மாமியார் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. அண்ணியைக் கையோடு இழுத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அதற்குள் சாரதம்மா சாவிக்கொத்துச் சத்தத்தோடு வந்துவிட்டாள். வந்தவளை உட்காரவைத்து, காபி கொடுத்து, நாகம்மாவைப் போல் ஒரு பெண் கிடைக்க என்ன தவம் செய்தீர்கள் என்று ஆரம்பித்தாள். முற்றத்துப் பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள்.

பிறகு சாரதம்மா கேட்டே விட்டாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "நிம்ம தொட்ட அளியா எல்லித்தாரே?" உங்கள் மூத்த மருமகன் எங்கே இருக்கிறார்?

மாமியார் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். மகளைப் பார்த்தாள். அண்ணி குனிந்து குடத்தை நகர்த்திக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றேதான் நிமிராமல் இருந்தாள். ஊரில் அவளைக் கொட்டாய்ப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தவள் இந்த அம்மாதான். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகாது.

"தூரத்துல வேல," என்றாள் மாமியார், நல்ல கன்னடத்தில். "லீவு கெடைக்க மாட்டேங்குது."

டம்ளரை எடுத்து மீதிக் காபியைக் குடித்தாள்.

அன்றைக்கு ராத்திரி அவரைக்காய் உரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். மறுநாள் மாமியார் கலாசிபாளையத்தில் பஸ் ஏறினாள், தனியாக. ஏறும் முன் என்னிடம், "அவளுக்கு அந்த நீலம் எடுப்பாத்தான் இருக்குது," என்றாள்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவையாவது வருவாள். வட்டாராவில் யாராவது மருமகனை விசாரிப்பார்கள். மாமியார் ஒரு தடவை கல்கத்தா என்பாள். அடுத்த தடவை அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டம் என்பாள். சம்பளம் உயர்ந்துவிட்டது என்பாள். குளிர் ஒத்துக்கொள்ளாமல் இளைத்துவிட்டான் என்று கவலைப்படுவாள். அண்ணி கேட்டுக்கொண்டே தன் வேலையைப் பார்ப்பாள். அதற்குள் அவள் ஊதுபத்திக் கொட்டகையில் மற்ற பெண்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு வந்திருந்தாள்.

எனக்கு மூத்தவன் பிறந்த பிறகு ஒரு நாள். சமையலறையில் நாங்கள் மூன்று பேர் மட்டும். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, எந்த நினைவில் இருந்தேனோ, "அத்தை, அண்ணி வீட்டுக்காரரு இப்ப எந்த ஊர்ல இருக்காரு?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட பிறகுதான் என் வாயை நானே பொத்திக்கொண்டேன்.

மாமியார் வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை. "கொழும்புல," என்றாள். "அவனுக்கு அந்த ஊரு புடிச்சுப்போச்சாம். இனிமே வரமாட்டான்."

அண்ணிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் மாமியார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அம்மாவும் மகளும் அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.